ஏறாத ஆட்டோவுக்கு மாசக் காசு

அன்புள்ள தம்பி இளவழகனுக்கு,

பசியாவரத்திலிருந்து அக்கா தேவகி எழுதிக்கொள்வது. இங்கே ஏரியும் நாங்களும் ஒருவாறு சுகமாக இருக்கிறோம். மீஞ்சூரில் நீயும் வசந்தாவும் சுகமாக இருக்கவும், உன் சர்க்கரை ஒரு கட்டுக்குள் நிற்கவும் அம்மன் அருள வேண்டும். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் பேசினால் உன் மாமா காதில் விழும். அவர் காதில் விழாவிட்டாலும் அவர் போனில் ஏற்றி வைத்திருக்கும் ஒரு ஆப்பு ஒட்டுக்கேட்குமோ என்று எனக்குப் பயம். அதனால் பழவேற்காட்டில் நண்டு ஏற்றி மீஞ்சூர் வரும் வண்டிக்காரரிடம் கொடுத்தனுப்புகிறேன்.

விஷயம் என்னவென்றால், என் பேங்குக் கணக்கிலிருந்து மாதாமாதம் ஐந்நூறு ரூபாய் காணாமல் போய்க்கொண்டிருந்தது. மகளிர் குழு லோனுக்குத்தான் பிடிக்கிறார்கள் என்று நானும் சும்மா இருந்துவிட்டேன். போன மாசம் குழுவுக்குக் கட்டக் காசு பத்தாம எல்லார் எதிர்லயும் தலை குனிஞ்சு நின்னப்புறம்தான் பழவேற்காடு பேங்குக்குப் போனேன். கவுண்டர்ல இருந்த பொண்ணு, "ஆட்டோ பே போட்டிருக்கீங்கம்மா"ன்னுச்சு. "இன்னா ஆட்டோ? நான் ஏரியில படகேறி வந்தவம்மா, எந்த ஆட்டோக்காரன் காசு கேக்குறான், கூப்பிடு அவனை"ன்னு சத்தம் போட்டேன். வரிசையே சிரிச்சுது. அப்புறம் அது பொறுமையா சொல்லுச்சு, யாரோ ஒரு ஆப்புல 'ஏழு நாள் இலவசம்'னு போட்டிருந்ததை அமுக்கியிருக்காங்களாம், அந்த ஏழு நாள் முடிஞ்சதும் அது தானா காசு பிடிக்க ஆரம்பிச்சிடுச்சாம். என் கணக்கு இருக்கிற போனு யார்கிட்ட இருக்கு? உங்க மாமாகிட்ட.

உனக்குத்தான் தெரியுமே, நம்ம பொண்ணு காவியா, தன்கூட கம்பெனியில வேலை செய்யுற உதயகுமாரைத்தான் கட்டிப்பேன்னு சொன்னதுல இருந்து மனுசன் மககிட்ட ஒரு வார்த்தை பேசல. "காது கேக்காத, வாய் பேசாத பையனுக்கா என் பொண்ணு"ன்னு தட்டைத் தள்ளிட்டு எழுந்தவருதான். அவளும் ஹாஸ்டலோட இருந்துட்டா. அந்த வேதனையில ரம்மி கிம்மி ஆடுறாரோ, இல்ல எவளாவது போன்ல சிக்கிட்டாளோன்னு ராத்திரியெல்லாம் அவரு போனையே பாத்துக்கிட்டுக் கிடந்தேன். மறுநாள் வலை எடுத்துட்டு வந்தவரு வீட்டுக்கு வரல. தேடிக்கிட்டுப் போனா, கரையேத்தின படகுல உக்காந்து, வலைக் குவியல் மேல போனைச் சாய்ச்சி வெச்சி, ரெண்டு கையையும் ஆட்டறாரு, விரலை மடக்குறாரு, நெஞ்சைத் தட்டிக்கிறாரு. போனுக்குள்ள ஒரு வெள்ளைக்காரி அதே மாதிரி ஆட்டறா. எனக்குக் காத்து கருப்பே தேவலன்னு ஆயிடுச்சு.

"இன்னாய்யா பண்ற?"ன்னேன்.

திருதிருன்னு முழிச்சாரு. "கைப்பேச்சு கத்துக்குறேன். அந்தப் பையன்கிட்ட முடியாதுன்னு சொல்லணும்ல?"

"அதுக்குத் தலையை ஆட்டினா போதாதா? மாசம் ஐந்நூறா?"

"ஒருத்தன் என் பொண்ணைக் கேக்குறான் தேவகி. இல்லைங்கிறதை நான்தான் அவன் மூஞ்சியைப் பாத்துச் சொல்லணும். ஏன்னு கேட்டான்னா பதிலும் சொல்லணும்ல?"

"சரி, ஏன்?"

கையைத் தூக்கினாரு தம்பி. தூக்கின கை அப்படியே நின்னுடுச்சு. "அந்தப் பாடம் இன்னும் வரல"ன்னாரு.

எனக்குத் தெரிஞ்சு இந்த மனுசன் எவனுக்காகவும் ஒரு வார்த்தை யோசிச்சுப் பேசினவரில்ல. வேணாம்னு சொல்றதுக்கு இவ்வளவு மெனக்கெடுறவரு, மனசுல அந்தப் பையனுக்கு எங்கயோ பலகை போட்டு உக்கார வெச்சிட்டாருன்னு எனக்குத் தோணுது. அன்னிக்குச் சோறு போட்டு நிமிர்ந்தா, விரலைக் குவிச்சி வாய்கிட்ட கொண்டுபோயி என்னைப் பாத்துப் புருவத்தைத் தூக்குறாரு. நீ சாப்பிட்டியான்னு கேக்குறாராம். கல்யாணம் ஆனதுல இருந்து வாயால கேட்டதில்ல. நான் குழம்பு எடுக்கிற சாக்குல அந்தாண்ட போயிட்டேன்.

அதனால தம்பி, உன்னை வரச்சொல்லி அந்த ஆப்பை நிறுத்தலாம்னு இருந்தேன், வேணாம். பிடிச்சா பிடிச்சிக்கட்டும். குழுவுல நான் நாலு பேச்சு வாங்கிக்கிறேன். வர்ற ஞாயித்துக்கிழமை பையனை வீட்டுக்கு வரச் சொல்லியிருக்காரு. இன்னா சொல்லப் போறாரோ, எனக்கே தெரியல.

வசந்தாவுக்கு என் அன்பு. உப்பையும் கோபத்தையும் குறைத்துக்கொண்டு நீ நீடூழி வாழ்க.

இப்படிக்கு,
அக்கா தேவகி

பி.கு.: காத்து அடிச்சதுல படகு போகல, நண்டு வண்டியும் வரல, கடுதாசி இங்கயே கிடந்துடுச்சு. மேல எழுதினதை விட்டுடு. ஞாயித்துக்கிழமை பையன் வந்தான். உங்க மாமா வெள்ளைச் சட்டை போட்டு எதிர்ல நின்னு, வேர்க்க வேர்க்கக் கையால பேசினாரு. பையன் முழிச்சான். அவன்கூட வந்த காவியா வாயைப் பொத்திக்கிட்டா. அப்புறம் அவதான் சொன்னா, அவ்வளவும் வேற எந்த தேசத்துலயோ பேசுற கைப்பேச்சாம், சாப்பாட்டைத் தவிர அவனுக்கு ஒண்ணும் புரியலயாம்! மாமா முகம் செத்துப்போச்சு. அந்தப் பையன் பக்கத்துல வந்து, அவரு விரலைப் பிடிச்சி ஒவ்வொண்ணா மடக்கி, நம்ம ஊர்ல இப்படித்தான்னு காட்டினான். இவரும் சின்னப் புள்ளையாட்டம் கையைக் குடுத்துட்டு நின்னாரு. சோறு ஆறிப்போச்சு. நீ சீக்கிரம் வந்து அந்த ஆப்பை நிறுத்து. அதுக்கு நீ ஒருத்தன் போதும், ஆனா வசந்தாவையும் கூட்டிக்கிட்டு வா. தட்டு மாத்துறப்ப தாய்மாமன் சோடியா நிக்கணும்.