என் மோட்டார் சைக்கிளுக்குச் சூடம் காட்டினாங்க

அன்னைக்குக் காலையில எனக்கு ஒரே வேலைதான். மோட்டார் சைக்கிளைத் தூக்கி நிறுத்த ஒரு ஸ்டாண்டு பாத்து, கழண்ட செயினை மாட்டணும்.

மாட்டினதும் குடுமியான்மலைக்குப் பொண்ணு பாக்கப் போகணும். "மாப்பிள்ளைக்குச் சொந்தமா மோட்டார் சைக்கிள் இருக்கு"ன்னு தரகர் சொன்னதுக்காகத்தான் பொண்ணோட அப்பா வரச் சொல்லியிருந்தார். வேற தகுதி எதுவும் என்கிட்ட தரகருக்கே அகப்படலை!

வண்டி, பட்டாளத்துல கழிச்சுப் போட்டது. ஸ்டாண்டு எந்தச் சண்டையில போச்சோ, எனக்கு வரும்போதே இல்லை.

செங்கல் அடுக்கினேன். சரிஞ்சது. கட்டில் மேல ஏத்தினேன். கட்டில் காலைப் பரப்பிருச்சு.

"ஏன்டா, பொண்ணு வர்றதுக்குள்ள கட்டிலை ஒடச்சிட்டியே!"ன்னு ஆத்தா கத்திட்டு, முன்னாடியே மாமாவோட பஸ்ல கெளம்பிருச்சு. அடுத்த பஸ் சாயங்காலந்தான்.

அப்பத்தான் ஊர்க் கோயில் வாசல்ல ரெண்டு பெரிய மரத்தாங்கி கண்ணுல பட்டுச்சு. திருவிழாவுல சாமி வாகனத்தை எறக்கி வைக்கிறது. குதிரை வாகனத்தையே தாங்குது, என் வண்டியைத் தாங்காதா!

பூசாரியைக் கேட்டேன்.

"வச்சுக்கங்க தம்பி, வாகனம் ராத்திரிதான் வெளிய வரும்."

நாலு பேரைப் பிடிச்சு ஏத்தினேன். பின்சக்கரம் அந்தரத்துல ஜோரா சுத்துச்சு. செயினை மாட்டினேன். கையெல்லாம் கிரீஸ். தூசி படாம இருக்கட்டும்னு என் மஞ்சத்துண்டை வண்டி மேல போத்திட்டு, குளத்துக்குக் குளிக்கப் போனேன்.

அந்தத் துண்டைப் போத்தாம இருந்திருக்கலாம்.

திரும்பி வந்தா, வண்டிக்கு மாலை! லைட்டுல சந்தனம், குங்குமம். திருவிழாவுக்கு வந்த வெளியூர் சனம் வரிசையில நிக்குது. ஒரு அம்மா பெட்ரோல் டேங்குக்குக் கீழேயே சூடம் ஏத்துது!

"ஐயோ அணைங்கம்மா, வெடிச்சுரும்!"

"சாமி முன்னால இப்படியா பேசுவாங்க?"

"இது சாமியில்லம்மா, வாகனம்!"

"நாங்களும் அதைத்தான் சொல்றோம். இந்த வருசத்துப் புது வாகனம். எந்தப் புண்ணியவான் செஞ்சு குடுத்தாரோ!"

அந்தப் புண்ணியவான் நான்தான், ஈரத்தலையோட ஓடிப்போய்ப் பூசாரியை இழுத்துட்டு வந்தேன். அவர் வண்டியைப் பாத்தார், கூட்டத்தைப் பாத்தார்.

"சூடம் காட்டியாச்சு தம்பி. இனிமே வீதியை ஒரு சுத்து சுத்தாம எறக்கப்படாது."

"அப்ப நானே ஓட்டிச் சுத்திர்றேன்!"

"சாமி வாகனத்துல மனுசன் ஏறுறதாவது!"

மேளம் வந்துருச்சு. தோள் மேல ஏறி என் வண்டி அங்கிட்டுப் போச்சு. நான் இங்கிட்டு, குடுமியான்மலைக்கு நடந்தேன்.

வேர்த்து விறுவிறுத்துப் போய் நின்னா, பொண்ணோட அப்பா என் முதுகுக்குப் பின்னால எட்டிப் பாத்தார்.

"வண்டி எங்க தம்பி?"

"வீதியுலா போயிருக்குங்க."

அவர் மூஞ்சி சுருங்கிருச்சு. ஆத்தா தலையில கைய வச்சிருச்சு. சம்பந்தம் போச்சுன்னு தெரிஞ்சதும், நடந்ததை அப்படியே கொட்டிட்டேன்.

கதவுக்குப் பின்னாலருந்து ஒரு சிரிப்பு. அடக்கப் பாத்தும் அடங்கலை. எனக்கு அந்தச் சிரிப்பைப் பிடிச்சுப் போச்சு. அப்புறம் குரல் வந்துச்சு: "அப்பா, இவுகளே இருக்கட்டும்."

கல்யாணம் முடிஞ்சு வருசம் பல ஆச்சு. ஆனா இன்னைக்கும் வண்டியில ஏறுறதுக்கு முன்னால, என் பொண்டாட்டி செருப்பைக் கழட்டிர்றா.