குறும்பியரும் என் வலது காதும்

தொண்ணூறுகளில் தெற்கு லண்டனில் காது கேட்ட தமிழர் அத்தனை பேரும் குறும்பியரின் தயவில்தான் கேட்டார்கள். நகரத்தின் மறுகோடியிலுள்ள செவன் கிங்ஸிலிருந்துகூட இரண்டு ரயில் மாறி, ஒரு காதைப் பொத்திக்கொண்டு வந்து இறங்குவார்கள். இதை நான் பெருமையாகச் சொல்லவில்லை. வயிற்றெரிச்சலில் சொல்கிறேன்.

காதுக்குள் சேரும் அழுக்குக்குக் குறும்பி என்று பெயர். அதை எடுக்கிறவருக்கு எங்கள் சனம் மரியாதையோடு வைத்த பெயர் குறும்பியர். சொந்தப் பெயரை யாரும் கேட்கவுமில்லை, அவர் சொல்லவுமில்லை.

இடம், கோலியர்ஸ் வுட் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் ஒரு குஜராத்திக்காரரின் மருந்துக்கடை. அங்கே நான் பாமசிஸ்ட். இந்த நாட்டில் படித்து, சோதனைகள் பாஸ் பண்ணி, சேர்ட்டிபிக்கற்றைக் கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டி, அதன் கீழே வெள்ளைக் கோட்டோடு நின்றவன். குறும்பியர் ஷாம்பு போத்தல் அடுக்க வந்தவர். ஊரில் ஆஸ்பத்திரிக் காது கிளினிக்கில் பதினைந்து வருடம் உதவியாளராக இருந்தாராம். யார் கேட்டது?

முதலாளி கேட்டார். ஒரு நாள் அவருக்குக் காது அடைத்துக்கொண்டது. டொக்டரிடம் போனால் மூன்று கிழமை காத்திருக்கவேண்டும் என்றார்கள். ஷாம்பு அடுக்கிக்கொண்டிருந்த குறும்பியர் திரும்பிப் பார்த்து, "நான் ஒருக்காப் பாக்கட்டோ?" என்று கையாலேயே கேட்டார். ஐந்து நாள் கழித்து முதலாளி, தெருவில் போகும் பஸ்ஸின் இலக்கத்தைச் சத்தத்தை வைத்தே சொல்லலாம் போலிருக்கிறது என்று துள்ளினார். உடனே குறும்பியரைக் குறுகிய கால கோர்ஸ் ஒன்றுக்கு அனுப்பினார். ஸ்டோர் அறையில் பாதியைத் திரை போட்டுப் பிரித்து ஒரு கதிரையும் கொடுத்தார். எனக்கு மூன்று வருடமாகக் கதிரை கிடையாது.

குறும்பியரிடம் சட்டதிட்டம் உண்டு. ஐந்து நாள் ஒலிவ் எண்ணெய் விட்டுவிட்டுத்தான் வரவேண்டும். ஒரு பஸ் டிரைவர் ஏமாற்றிப் பார்த்தார். குறும்பியர் சின்ன டோர்ச்சால் காதுக்குள் பார்த்துவிட்டு, "தம்பி, மூண்டு நாள்தான் விட்டிருக்கிறீர். எழும்பும்" என்றார். டிரைவர் தலையைக் குனிந்துகொண்டு எழும்பிப் போனார்.

தண்ணீர் உடம்புச் சூட்டில் இருக்கவேண்டும், இல்லாவிட்டால் தலை சுற்றும். அதைத் தன் மணிக்கட்டில் விட்டுப் பார்ப்பார், பிறகு வந்தவரின் மணிக்கட்டில் விட்டு, தேத்தண்ணிக்குச் சீனி காணுமோ என்கிற மாதிரி, "எப்பிடி?" என்று கேட்பார். பிறகு அந்தப் பெரிய உலோகச் சிரிஞ்சைத் தூக்குவார். எல்லாம் முடிந்ததும் வெளியே வந்த பொருளைக் கிண்ணத்தோடு நீட்டிக் காட்டாமல் ஆளை விடமாட்டார்.

"இஞ்ச பாருங்கோ. இவர் அஞ்சு வருஷமா விசா இல்லாமல் உள்ளுக்க இருந்திருக்கிறார். குரோய்டனுக்கு அனுப்பவேண்டிய ஆள்!"

குரோய்டன் குடிவரவு அலுவலகத்தின் கடிதத்துக்காக வருடக்கணக்கில் காத்திருந்த ஆட்கள்கூட அதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரிப்பார்கள். நான் ஒரு பகிடி விட்டால், மருந்தைத் தா என்று கையை நீட்டுவார்கள்.

திரைக்குப் பின்னாலிருந்து வெளியே வரும் பெண்கள், "டொக்டர், நீங்கள் நல்லா இருக்கவேணும்" என்று கண் கலங்குவார்கள். அப்படியே என் கவுண்டரைத் தாண்டும்போது, "தம்பி, அந்தக் கதவை ஒருக்காத் திறந்து விடும்" என்பார்கள். டொக்டர் அவர். கதவு திறக்கிறவன் நான். பொறாமை என்று சொன்னால் குறைவு. எனக்குப் பற்றி எரிந்தது.

என் மனைவியும் ஒரு நாள் போய்க் காதைக் கொடுத்துவிட்டு வந்தாள். அடுத்த நாள் காலை ஒரு பெட்டி நிறைய மட்டன் ரோல்ஸ் சுட்டு என் கையில் தந்தாள்.

"எனக்கோ?" என்றேன்.

"அவருக்கு. பாவம், தனி ஆள். கவனமாக் கொண்டுபோய்க் குடுங்கோ."

ரயிலில் இரண்டைத் தின்றேன். பெட்டியில் இடைவெளி தெரியாமல் மிச்சத்தைப் பரப்பியும் வைத்தேன்.

இந்த நிலைமையில்தான் ஒரு மாரிகாலத்தில் என் வலது காது அடைத்தது. அந்த மனிசனிடம் போவதா? செத்தாலும் இல்லை. செய்யக்கூடாது என்று வாடிக்கையாளருக்கு நானே தினமும் சொல்லும் காரியத்தைச் செய்தேன். பஞ்சுக்குச்சியை விட்டுக் குடைந்தேன். இருந்ததெல்லாம் உள்ளே போய் இறுகி, அந்தப் பக்கம் உலகமே நின்றுவிட்டது.

சிவமணி அன்ரி என்று ஒரு பழைய வாடிக்கையாளர். வலது பக்கமாக நின்று ஏதோ கேட்டார். நான் இரும்புச்சத்து மருந்தை எடுத்துக் கொடுத்தேன். ஒரு கிழமையில் திரும்பி வந்தார்.

"தம்பி, நான் கேட்டது இருமல் மருந்து. நீர் தந்தது இரும்பு. இருமலும் நிக்கேல்லை, இப்ப வயிறும் போகுதில்லை!"

கடையே சிரித்தது. முதலாளி சிரிக்கவில்லை. என்னை உள்ளே கூப்பிட்டு, இன்னொரு பிழை நடந்தால் வேலை இல்லை என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அடுத்த தடவை யாருடைய உயிரோடாவது விளையாடிவிடுவேனோ என்று எனக்கே பயம். அப்படியும் வாயைத் திறந்து உண்மையைச் சொன்னேனா? இல்லை.

அடுத்த நாளிலிருந்து குறும்பியருக்கு ஒரு வியாதி பிடித்தது. கவுண்டருக்கு யார் வந்தாலும் திரையை விலக்கிக்கொண்டு ஓடிவந்து, அவர்கள் சொன்னதைத் தெருவுக்குக் கேட்கிற மாதிரித் திருப்பிக் கத்துவார். ஒருவர் கன்னத்தைப் பொத்திக்கொண்டு வந்தார்.

"என்ன, பல்லுக் கொதியோ? தம்பி, இவருக்குப் பல்லுக் கொதியாம்!"

ஒரு புது மாப்பிள்ளை வந்து குனிந்து, மெல்ல வாய்க்குள் எதையோ சொன்னார்.

"மூலமோ? மூலத்துக்கோ மருந்து?" என்று முழங்கினார் குறும்பியர். மாப்பிள்ளை மருந்தும் வாங்காமல் ஓடியே போய்விட்டார்.

எனக்குப் பொறுக்கவில்லை. "அண்ணை, இது என்ர கவுண்டர். உங்கட வேலை திரைக்குப் பின்னால" என்றேன்.

"ஓம் தம்பி, சரி" என்றார். அடுத்த ஆள் வந்ததும் மறுபடி கத்தினார். ஆறு கிழமை இப்படியே போனது. காது போதாதென்று மனிதர் என் கவுண்டரையும் பிடிக்கப் பார்க்கிறார் என்று முடிவு கட்டி, முதலாளியிடம் போய் முறைப்பாடு வைத்தேன்.

முதலாளி என்னை வினோதமாகப் பார்த்தார். இரும்பு மருந்து விவகாரத்தன்றே என்னை வேலையிலிருந்து நிறுத்தத்தான் இருந்தாராம். என்னை உள்ளே கூப்பிடுமுன் குறும்பியர் வந்து, தனக்குத் தெரிந்த அரைகுறை இங்கிலீஷில் மன்றாடியிருக்கிறார். 'அவருக்கு வலது காது அடைப்பு. ரோசக்காரன், இப்போது வரமாட்டார். தானாக வருவார். அதுவரைக்கும் அவருடைய வலது காது நான். பிழை வந்தால் என்னையும் சேர்த்து அனுப்புங்கள்.'

நான் வெளியே வந்தேன். அவர் எப்போதும் எனக்கு வலது பக்கத்தில் நின்றுதான் கத்தினார் என்பது அப்போதுதான் மண்டையில் ஏறியது. வெட்கம் பிடுங்கித் தின்றது. திரையை விலக்கி, "அண்ணை, எண்ணெய் எத்தினை நாள் விடவேணும்?" என்று கேட்டேன்.

அவர் சிரிக்கவில்லை. டோர்ச்சை எடுத்துப் பார்த்தார். "மற்றவைக்கு அஞ்சு நாள். உங்களுக்கு ஏழு."

ஏழாம் நாள் கதிரையில் உட்காரவைத்து, மணிக்கட்டில் தண்ணீர் விட்டு, "எப்பிடி?" என்றார். பிறகு 'பக்' என்று ஒரு சத்தம். மருந்து வைக்கும் ஃபிரிட்ஜின் இரைச்சல் மழை மாதிரி உள்ளே வந்தது. ஊருக்கெல்லாம் நீட்டிக் காட்டும் கிண்ணத்தை என்னிடம் காட்டாமல், கடதாசியால் மூடிக் கொண்டுபோய்க் கொட்டிவிட்டார். அதிலும் எனக்குக் கொஞ்சம் மனத்தாங்கல்தான்.

மறுநாள் காலை கவுண்டரில் நின்றேன். அவர் கத்தவில்லை, ஓடி வரவுமில்லை. கடை வெறிச்சென்றிருந்த ஒரு நேரம் மெல்ல வந்து எதிரே நின்று, ஆறு கிழமை கத்திக் கிழிந்துபோன குரலில், காற்றாக, "தம்பி, தொண்டைக்கு ஏதும் கிடக்கோ?" என்று கேட்டார்.

எனக்கு ஒவ்வொரு எழுத்தும் துல்லியமாகக் கேட்டது. ஆனாலும், "என்ன அண்ணை, கேக்கேல்லை" என்று சொல்லி, தொண்டை மருந்தோடு கவுண்டரைச் சுற்றிப் போய், என் வலது காது அவர் பக்கமாக இருக்க, அவருக்குப் பக்கத்தில் நின்றேன்.