நூறு நாள் பாட்டரி

எங்கள் பொறியியல் கல்லூரியில் மின்சாரத்தை மிச்சப்படுத்த ஓர் ஆய்வுக்கூடம் உண்டு. மின்சாரத்தை மிச்சப்படுத்த ஓர் அதிகாரியும் உண்டு. இரண்டுக்கும் சம்பந்தமில்லை என்பது எங்களுக்குத் தாமதமாகத்தான் விளங்கியது.

நான் அந்தக் கூடத்தின் உதவியாளன். சாவிக்கொத்து பதினெட்டு வருடமாக என் இடுப்பில்தான். அங்கே ஆராய்ச்சி செய்த பெண்ணைப் 'பாட்டரி' என்றே எல்லோரும் கூப்பிடுவோம். அவள் செய்த புது பாட்டரியை நூறு நாள் இடைவிடாமல் மின்சாரம் ஏற்றி இறக்கிச் சோதிக்க வேண்டும். நடுவில் நின்றால் மறுபடி முதல் நாள். அவளுக்கோ அவகாசமே நூற்றைந்து நாள்தான். தவறினால் டாக்டர் பட்டம் கிடையாது, ஐந்து வருட உழைப்பும் விழலுக்கு இறைத்த நீர்.

தொண்ணூற்றோராம் நாள் அதிகாரி சுற்றறிக்கையோடு வந்தார். மாலை ஐந்து மணிக்குமேல் அனைத்துக் கூடங்களிலும் மெயின் சுவிட்சை அணைத்திட ஆவன செய்யப்பட வேண்டுமாம்.

"சார், இன்னும் ஒம்பது நாள்தான். நின்னா எல்லாம் போச்சு."

"விலக்கு கேக்கப் படிவம் இருக்கும்மா. பாட்டரி மின்சாரத்தை மிச்சப்படுத்தும்னு சோதனை முடிவை இணைக்கணும்."

"சோதனை முடிஞ்சாத்தானே சார் முடிவு வரும்?"

"தாராளமா முடிச்சுட்டு வாங்க. உடனே கையெழுத்துப் போடறேன்."

அவள் என் பக்கம் திரும்பினாள். "அண்ணே, நீங்களாவது சொல்லுங்க."

சொன்னேனா? சுவிட்சை இறக்கினேன். எனக்கும் வயிறு என்று ஒன்று இருக்கிறதே.

அன்று முழுக்க அழுதாள். மறுநாள் ஆத்திரத்தில் பன்னிரண்டு பக்கம் எழுதினாள்: 'மின்சார ஆராய்ச்சியை நிறுத்துவதே மின்சாரத்தை மிச்சப்படுத்தும் தலைசிறந்த வழி.' வரைபடம், அட்டவணை சகிதம்.

"நல்லா உறைக்கட்டும்ண்ணே" என்று அதையே ஆய்வேடாகக் கொடுத்தாள்.

நிபுணர் குழு கூடியது. தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

"சேமிப்பு எவ்வளவு?"

"நூத்துக்கு நூறு சார். கூடத்துல ஒண்ணுமே ஓடலையே."

"இத்தனை துல்லியமான முடிவை இந்தத் துறை கண்டதேயில்லை" என்று பட்டத்தைப் பரிந்துரைத்துவிட்டார்.

"வேண்டாம்னு சொல்லிடட்டுமா அண்ணே?"

"சொல்லிடும்மா" என்றேன். வாங்கிக்கொண்டாள்.

பழைய அதிகாரி ஓய்வு பெற்றதும் அந்த நாற்காலியையும் அவளுக்கே கொடுத்தார்கள். போன வாரம், காற்றாலை ஆராய்ச்சி செய்யும் ஒருத்தி அவள் மேஜை முன்னால் வந்து நின்றாள்.

"மேடம், இன்னும் பதினோரு நாள்தான்."

பாட்டரிக்குக் கண் கலங்கிவிட்டது. கலங்கிய கண்ணோடேயே படிவத்தை எடுத்து நீட்டினாள். நான் சுவிட்சுப் பக்கம் நடந்தேன். இப்போதெல்லாம் எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.