இழுபட்டால் சுரப்பது

மரியாதைக்குரிய அத்தானுக்கு,

வணக்கம். நீங்களும் அக்காவும் நலமாக இருப்பீர்கள். இங்கே எல்லோரும் நலம் என்று எழுதத்தான் கை போகிறது, பழக்கதோஷம்.

இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாக உங்கள் தம்பியின் பிரஷ்ஷில் பேஸ்ட் வைத்தேன். பிறகுதான் அவர் வாயில் குழாய் இருப்பது நினைவுக்கு வந்தது. வீணாக்குவானேன் என்று அதிலேயே நான் பல் தேய்த்துவிட்டேன். தெரிந்தால் ஆயுசுக்கும் சொல்லிக்காட்டுவார். காட்டட்டும்.

போனில் கேட்டால் "முக்கியமான விஷயமா? எழுத்துல அனுப்பு" என்று வைத்துவிடுவீர்கள். பிரிட்ஜ் வாங்கவே உங்களுக்கு மனுப்போட்ட குடும்பம் நாங்கள். ஆகவே ஐ.சி.யு. வாசலில் இரும்பு நாற்காலியில் உட்கார்ந்து முறைப்படி எழுதுகிறேன். முடித்ததும் படமெடுத்து அனுப்புவேன்.

காய்ச்சல் என்று மட்டும்தான் உங்களுக்குத் தெரியும். நடந்தது இது: கால் கட்டைவிரலில் நகம் உள்ளே வளர்ந்து குத்துகிறது என்று, லிப்ட் ரிப்பேர் செய்யும் அதே குறட்டால் அதைப் பிடுங்கினார், ரத்தம் வந்ததும் இன்சுலேஷன் டேப்பைச் சுற்றினார், டாக்டரிடம் போகலாம் என்றால் "இதுல கரண்ட்டே பாயாது, கிருமி எங்கேருந்து பாயும்" என்றார், அது பாய்ந்து ரத்தத்தில் கலந்து குளிரில் பல் கிடுகிடுக்க "ஏசிய கொற" என்றார், நம் வீட்டில் ஏசியே கிடையாது அத்தான், அப்போதுதான் ஆட்டோவில் அள்ளிப்போட்டு இங்கே கொண்டுவந்தேன். செப்சிஸாம். கிருமியை அடிக்கிறேன் பேர்வழி என்று உடம்பு தன்னையே அடித்துக்கொள்கிறதாம். நுரையீரல் களைத்துவிட்டது. சிறுநீரகம் நிற்கப்பார்க்கிறது, கட்டிலோரம் தொங்கும் பையில் நேற்றிலிருந்து ஏறியது ஒரு டம்ளர்கூட இராது.

வழக்கமான மருந்தெல்லாம் ஓடுகிறது. அதோடு ஓர் ஆராய்ச்சியில் இவரைச் சேர்க்கலாமா என்று டாக்டரம்மா கேட்டார். இதயமே ஒரு ஹார்மோன் சுரக்கிறதாம். உப்பையும் நீரையும் வெளியேற்றத்தான் என்று நினைத்திருந்தார்களாம். இப்போது பார்த்தால் ரத்தக் குழாயின் உட்சுவரைக் காத்து, நுரையீரலையும் சிறுநீரகத்தையும் காப்பாற்றும்போலத் தெரிகிறதாம். அதையே மருந்தாக ஏற்றிப் பார்க்கிறார்கள்.

"என் பிள்ளைக்கு ஈர மனசு, அப்பவே சொன்னேன்" என்றார் அத்தை.

"அது எப்ப டாக்டர் சுரக்கும்?" என்று கேட்டேன்.

"இதயம் இழுபடும்போதும்மா. ரத்தம் ரொம்பி அதோட சுவர் விரியும்ல, அப்ப."

அத்தை என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இவளோட குடித்தனம் பண்ணினவனுக்குக் குடம் குடமா சுரந்திருக்கணுமே!"

டாக்டரம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டார். எனக்கும் சிரிப்புத்தான் வந்தது, பாதியிலேயே அழுகையாகிவிட்டது.

"இது குணமாக்குமா டாக்டர்?"

"எலிங்ககிட்ட நல்லா வேலை செஞ்சிருக்கு. மனுஷங்ககிட்ட எப்படின்னு தெரியலம்மா. பி.பி. எறங்கிடவும் வாய்ப்பிருக்கு. பக்கத்துலேயே இருந்து பார்ப்போம்."

"என் பிள்ளை என்ன எலியா? பெரியவன் சொல்லாம ஒண்ணும் கிடையாது!" என்றார் அத்தை.

எலிப்பொறி வைக்கவே மனம் வராத மனிதர் என்பதை நான் சொல்லவில்லை. அவரால் பேச முடியாததால் என் சம்மதமும் கையெழுத்தும்தான் வேண்டுமாம், மாலை ரவுண்ட்ஸுக்குள். ஆகவே தங்கள் உத்தரவைக் கேட்டு எழுதுகிறேன். சம்மதமா, இல்லையா என்று உடனே தெரிவியுங்கள்.

அக்காவுக்கு என் அன்பு. பெரியவர்களாக இருவரும் அங்கிருந்தே அவரை ஆசீர்வதியுங்கள்.

தங்கள் தம்பி மனைவி

பி.கு.: மேலே கேட்டதை விட்டுவிடுங்கள். எழுதி முடித்துத் திரும்பப் படித்தேன். உங்கள் தம்பிக்கு எல்லாமே "ஒண்ணுமில்ல". உங்களுக்கு எல்லாமே "கூடாது". இத்தனை வருஷத்தில் என்னிடம் "தெரியல" என்று நேர்மையாகச் சொன்ன முதல் ஆள் அந்த டாக்டரம்மாதான். அவர் வந்ததும் சரி என்று சொல்லப்போகிறேன். பக்கத்து நாற்காலியில் தூங்கும் அத்தைக்குக்கூட இது தெரியாது. சொல்லிவிட்டுத்தான் இந்தக் கடிதத்தை அனுப்புவேன். கோபம் வரும். எழுத்திலேயே திட்டுங்கள், நீளமாகவே திட்டுங்கள். உங்கள் தம்பி எழுந்து உட்கார்ந்து படிக்கட்டும்.