வெற்றிலை பாக்கு வைத்தால்தான் வெள்ளத்தை விட்டு வருவார்

அன்புள்ள காளிதாசன் மாமாவுக்கு,

உங்கள் அக்கா மகள் சுபாஷினி வணக்கத்துடன் எழுதுவது. எல்லாரும் நலம் என்று தொடங்குவதுதான் முறை. புக்கிட் செலம்பாவில் ஆற்றைப் பார்த்துக்கொண்டு எழுதுவதால் அது கைக்கு வரவில்லை. வாட்ஸாப்பில் அனுப்பினால் பழைய வழக்கு மறுபடி திறக்கும் என்பதால் தாளில் எழுதுகிறேன்.

நேற்று பேரிடர் பற்றி விளக்க ஓர் அதிகாரி வந்து கோயில் மண்டபத்தில் படம் போட்டார். மழை எல்லாருக்கும் ஒன்றுதான், ஆற்றோரம் குடியிருப்பது ஓர் ஆபத்து, தண்ணீர் வந்தால் எழுந்து போக முடியாமல் இருப்பது இன்னோர் ஆபத்து, இரண்டும் சேர்ந்தால்தான் அழிவு என்றார். சரிதான். எங்களை ஆற்றோரம் யார் வைத்தது என்ற படம் மட்டும் அவரிடம் இல்லை. அப்பா வேலை செய்த தோட்டத்தை விற்றபோது மேட்டிலிருந்த மேனேஜர் பங்களாவுக்குப் புதுச் சாலை, லயத்து வரிசை வீடுகளில் இருந்த எங்களுக்குப் பள்ளத்தில் வீடு. அதை எழுந்து கேட்டேன். அவர் அடுத்த படத்துக்குப் போய்விட்டார். பிறகு, தண்ணீர் ஏறினால் யார் வீட்டுக்குப் போவீர்கள் என்று ஒவ்வொருவரையும் கேட்டார்.

"எனக்குப் போக வீடு இல்ல சார்" என்றார் அப்பா.

"கூலிம்ல ஒங்க மச்சான் மாடி வீடு கட்டியிருக்காரே அண்ணே" என்று பக்கத்து வீட்டு திவாகரன் எடுத்துக்கொடுத்தார்.

"அது அவன் வீடு லா. என்னைக் கூப்பிட்டானா?"

"பால் காய்ச்சினப்போ கூப்பிட்டாரே."

"போன்ல படம் அனுப்பினான். பாசார்ல கோழி வெல போட்டு அனுப்புறானுங்களே, அந்த மாதிரி."

சிரிக்காதீர்கள் மாமா. போன வெள்ளத்திலும் இதே கதைதான். அப்பாவுக்குக் காலில் சர்க்கரைப் புண், தண்ணீர் படவே கூடாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள், அவரோ சாப்பாட்டு மேசைமேல் உட்கார்ந்து, கீழே செருப்புகள் மிதந்து போவதைப் பார்த்தபடி, "அவன் தட்டோட வந்து வெத்தல பாக்கு வச்சுக் கூப்பிடட்டும்" என்றார், அம்மா அழுதார், கடைசியில் தீயணைப்புக்காரர் படகிலிருந்து, "பாக்சிக், ஜோம்", பெரியவரே வாங்க, என்று மலாயில் கூப்பிட்டார், அவரிடமும் தட்டு கேட்பாரோ என்று நான் நடுங்கினேன், அந்த மனிதர் எந்த முறையும் செய்யாமல் அப்பாவை அள்ளிப் படகில் வைத்தார். அதற்குள் புண் நனைந்துவிட்டது. இரண்டு விரல் போயிற்று. இன்னொரு தடவை நனைந்தால் பாதமே போகும் என்கிறார் டாக்டர். அதிகாரியின் படத்தில் ஆறு இருந்தது, வீடு இருந்தது, மச்சான் முறை இல்லை.

நீங்களும் சளைத்தவரில்லை. "வரணும்னா வரட்டும், கதவு தொறந்துதானே கெடக்கு" என்று சொல்கிறீர்களாம், பிரேமாவதி அத்தை சொன்னார். மானம் இரண்டு பேருக்கும், கால் அப்பாவுக்கு மட்டும். ஆகவே ஒரு ஞாயிற்றுக்கிழமை அத்தையோடு வந்து, வாசலில் நின்று, "வெள்ளம் வந்தா நம்ம வீட்டுக்கு வந்துடுங்க மச்சான்" என்று தட்டை நீட்டுங்கள். வெற்றிலையும் பழமும் நானே வாங்கி வைக்கிறேன். நீங்கள் வாயைத் திறந்தால் போதும்.

அத்தைக்கும் உங்கள் பிள்ளை கவினுக்கும் என் அன்பு. உங்கள் மாடி வீடு எந்தக் குறையும் இல்லாமல் நிலைக்கட்டும்.

இப்படிக்கு,
சுபாஷினி

பி.கு.: கையெழுத்துப் போட்டதும் அத்தை போன் செய்தார். மழை எங்களை விட்டுவிட்டு உங்கள் பக்கம் கொட்டிவிட்டதாம். உங்கள் தாமான் குடியிருப்புக்குப் பின்னால் குன்றை வெட்டியதில் சேறு உங்கள் அடுப்படி வரை வந்துவிட்டதாம். அத்தையும் கவினும் வெளியே வந்துவிட்டார்கள், நீங்கள் மட்டும் மாடியில் உட்கார்ந்து, "யார் என்னைக் கூப்பிட்டா, நான் போறதுக்கு?" என்கிறீர்களாம். அப்பாவிடம் சொன்னேன். "ஆபத்துல என்னடி கூப்பிடுறது? அதுக்கு மொற பாக்கறவன் மனுசனா?" என்று திட்டிக்கொண்டே, கட்டுப் போட்ட காலில் பிளாஸ்டிக் பையைச் சுற்றித் திவாகரனின் காரில் ஏறிவிட்டார். இந்தத் தாளைத் திவாகரன் மாடிக்கே வந்து கொடுப்பார். அப்பாவைக் காரில் வைத்துப் பூட்டிவிட்டு வரச் சொல்லியிருக்கிறேன், அவர் எவ்வளவு நேரம் உள்ளே இருப்பார் என்று தெரியாது. படித்து முடித்துவிட்டீர்களா? எழுந்து கீழே வாருங்கள் மாமா. இல்லையென்றால் அவர் சேற்றில் இறங்கிவிடுவார்.