அளவில்லாத் தோசை, நிபந்தனைகளுக்கு உட்பட்டது

உலக சரித்திரத்தில் நாட்காட்டியைத் திருத்திய மகான்கள் வெகு சிலரே. ரோமாபுரி மன்னர்கள் திருத்தினார்கள். போப்பாண்டவர் ஒருவர் திருத்தினார். பாவம், அவர்களுக்கெல்லாம் சூரியனும் சந்திரனும் தேவைப்பட்டன. நம் செல்போன் கம்பெனிகளுக்கு ஏ.சி. அறையில் ஒரே ஒரு மீட்டிங் போதுமாக இருந்தது. மாதம் என்றால் இருபத்தெட்டு நாள். தீர்ந்தது விஷயம். ஒரு பஞ்சாங்கக்காரர்கூட முணுமுணுக்கவில்லை. இந்தச் சாதனையின் மகத்துவத்தை முழுதாக உணர்ந்து கண் கலங்கியவர் இந்த தேசத்தில் ஒருவர்தான். அவர் மந்தைவெளியில், 'சௌபாக்யா' அடுக்ககத்தில், முதல் மாடியில் குடியிருந்தார்.

பெயர் ஸ்ரீரங்கன். இன்ஷூரன்ஸ் ஆபீஸில் முப்பத்துநாலு வருஷம் வேலை பார்த்தவர். பாலிசியின் பின்பக்கத்தில் நிபந்தனைகளைக் கண்ணுக்குத் தெரியாத எழுத்தில் அச்சடிக்கும் பிரிவில் இருந்தார். ஓய்வு பெற்ற மறுநாளே, நாட்டுக்கு இன்னும் ஏதாவது செய்துவிட்டுத்தான் ஓய்வது என்று முடிவெடுத்து, செல்போன் கட்டணங்களை ஒப்பிட ஆரம்பித்தார்.

வான்குரல், பேரலை, தூதுவன் என்று மூன்று கம்பெனிகள். மூன்றுக்கும் மூன்று சிம், மூன்று போன். சட்டைப்பையில் ஒன்று, பேண்ட் பைகளில் இரண்டு. நாகேஸ்வர ராவ் பூங்கா, பனகல் பார்க், அடையாறு டெப்போ என்று ஊரெல்லாம் நின்று மனைவி ஸ்ரீரஞ்சனிக்கு போன் போட்டு "கேக்கறதா?" என்று கேட்பார். மாமிக்கு அந்த நேரத்தில்தான் நியூ ஜெர்ஸிக் குழந்தைகளுக்கு ஆன்லைனில் பாட்டு வகுப்பு.

ஒருநாள் வீட்டு பால்கனியில் நின்று தூதுவனைச் சோதித்தார்.

"கேக்கறதா?"

"நன்னா கேக்கறது," என்றாள் மாமி.

"விட்டு விட்டுக் கேக்கறதா, தொடர்ச்சியாக் கேக்கறதா?"

"தொடர்ச்சியாத்தான் கேக்கறது. நான் இன்னும் போனை எடுக்கவே இல்லை. நீங்க கத்தறது தெருக்கோடி வரைக்கும் கேட்டிருக்கும்."

'தூதுவன்: குரல் தெளிவு அபாரம்' என்று ஸ்ரீரங்கன் குறித்துக்கொண்டார்.

பதினொரு நாள் ஆய்வுக்குப் பிறகு நாலு வர்ண அட்டவணை ஒன்று லிஃப்ட் கதவில் ஒட்டப்பட்டது. வான்குரல் இருபத்தெட்டு நாளைக்கு முந்நூற்று நாற்பத்தொன்பது ரூபாய். பேரலை முந்நூற்று நாற்பத்தொன்பது. தூதுவன் முந்நூற்று நாற்பத்தெட்டு! 'குடியிருப்போர் கவனத்துக்கு: வருஷத்துக்குப் பதிமூன்று ரூபாய் மிச்சம்' என்று சிவப்பு மையில் அடிக்கோடு போட்டிருந்தார். வருஷத்துக்கு ஏன் பதிமூன்று என்று லிஃப்டில் ஏறிய யாரும் கேட்கவில்லை.

ஒட்டி ஒன்பதாம் நாள் மூன்று கம்பெனிகளும் அடுத்தடுத்து ஐம்பது ஐம்பது ரூபாய் ஏற்றின. குடியிருப்போர் சங்கச் செயலாளர் கிச்சாவுக்குக் கொஞ்சம் சந்தேகப்படும் சுபாவம்.

"மாமா, மூணு பேரும் பேசி வெச்சுண்டு ஏத்தினா மாதிரி இருக்கே?"

"அசடு! அதுக்குப் பேர் பேசி வெச்சுக்கறது இல்லைடா. 'ஆரோக்கியமான போட்டி'. ஒருத்தர் ஏத்தினா இன்னொருத்தர் விட்டுக்கொடுக்காம ஏத்தறா பார், அந்த ரோஷம் நம்மகிட்ட உண்டா?"

கிச்சாவுக்கு அந்த ரோஷம் இல்லை. தலை குனிந்து போய்விட்டான்.

இந்த ஞானம் அத்தனையும் லிஃப்ட் கதவோடு நின்றிருந்தால் கதையே இல்லை. ஒரு காலை, காவேரி தன் போனைத் துடைத்துக்கொண்டே வந்து அவர் முன்னால் நின்றாள். நொச்சிக்குப்பத்திலிருந்து வருபவள். அந்த வீட்டில் பெருக்கித் துடைத்து, மாமி வகுப்பெடுக்கும் நேரத்தில் டிபனும் சமையலும் செய்பவள்.

"சார், போன மாசம் அஞ்சாந்தேதி போட்டேன். இன்னிக்கு ரெண்டுதான் ஆவுது. அதுக்குள்ள கட் ஆயிடுச்சு. இன்னா சார் இது?"

ஸ்ரீரங்கன் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். "காலண்டர் மாசம் வேற, கம்பெனி மாசம் வேறம்மா. கம்பெனி மாசம்னா இருபத்தெட்டு நாள்."

"அப்ப வருசத்துக்கு எத்தினி மாசம்?"

"பதிமூணு."

காவேரி போனைத் துடைப்பதை நிறுத்தினாள். "யாரும் கேக்கலியா?"

"எதுக்குக் கேக்கணும்? சேவைன்னா வேலிடிட்டி உண்டு. முடிஞ்சா நின்னுடும். முதல்ல அவுட்கோயிங் நிக்கும். இன்கமிங் நாலு நாள் கருணை அடிப்படையில விடுவா."

"சரி, அன்லிமிடெட்டுன்னு போட்டுட்டு, தெனிக்கும் ரெண்டு ஜிபின்னு கீதே?"

"அன்லிமிடெட்னா அளவில்லாததுன்னு அர்த்தமில்லைம்மா. அளவு முடிஞ்சப்புறமும் வரும். மெதுவா வரும்."

"இன்னொரு வாட்டி சொல்லு சார். மொதல்லேந்து."

முப்பத்துநாலு வருஷத்தில் அவரிடம் யாரும் எதையும் இன்னொரு வாட்டி சொல்லச் சொன்னதில்லை. வெளியூர் போனால் வரும் ரோமிங், மேற்கொண்டு கட்டும் டாப்-அப், கம்பெனி மாறும் போர்ட்டிங் எல்லாவற்றையும் ஸ்ரீரங்கன் ஒன்றுவிடாமல் சொன்னார். காவேரி ஒன்றுவிடாமல் கேட்டாள்.

இருபத்தொன்பதாம் தேதி காலை அவர் சாப்பாட்டு மேஜைக்கு வந்தார். தட்டு இருந்தது. தோசை இல்லை. காவேரி அடுப்படி வாசலில் உட்கார்ந்து போனில் ஏதோ பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா, தோசை?"

"உன் வேலிடிட்டி நேத்தோட முடிஞ்சிடுச்சு சார். ஒண்ணாந்தேதி சம்பளம் குடுத்தே. இருபத்தெட்டு நாள் ஆயிடுச்சு."

ஸ்ரீரங்கன் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

"அப்போ நான் சொல்றது?"

"இன்கமிங் கீது சார். நீ சொல்லு, கேட்டுக்கறேன். வேலை அவுட்கோயிங்கு. அது போவாது."

வகுப்பை நடுவில் நிறுத்திவிட்டு மாமி வந்து எட்டிப் பார்த்தாள். ஸ்ரீரங்கன் நியாயம் கேட்டார். "நீங்கதானே ரெண்டு வாட்டி க்ளாஸ் எடுத்தேள்? நன்னாப் புரிஞ்சுண்டிருக்கா," என்று சொல்லிவிட்டு மாமி நியூ ஜெர்ஸிக்குத் திரும்பிப் போனாள்.

புதுத் திட்டம் அன்றே அறிவிக்கப்பட்டது. பழைய சம்பளம் மாதம் ஆறாயிரத்து ஐந்நூறு. இனி 'காவேரி இருபத்தெட்டு': ஆறாயிரத்து நானூற்றுத் தொண்ணூற்றொன்பது. ஒரு ரூபாய் தள்ளுபடி! தோசை அன்லிமிடெட். ஸ்ரீரங்கன் பணத்தைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்தார். இரண்டு தோசை சூடாக, சரசரவென்று வந்தது. மூன்றாவதற்குத் தட்டை நீட்டினார். எட்டேகால் ஆயிற்று. ஒன்பது ஆயிற்று. பேப்பரில் வரி விளம்பரங்களைக்கூடப் படித்து முடித்தார்.

"காவேரி, மூணாவது தோசை?"

"வந்துகினே கீது சார்."

"எப்போ வரும்?"

"அன்லிமிடெட்டு சார், வராம போவாது. ரெண்டு தாண்டிட்டே இல்ல, ஸ்பீடு கம்மியாயிடுச்சு."

பத்து நாற்பதுக்கு அந்தத் தோசை வந்தது. போனில் பாதி இறங்கிய படம் மாதிரி, மேலே ஓர் ஓரத்தில் மட்டும் வெந்திருந்தது. சட்னி கேட்டார். டாப்-அப் என்றாள். மாத நடுவில் மாமியின் தம்பி திருவான்மியூரிலிருந்து வந்து இரண்டு நாள் தங்கிவிட்டுப் போனார். அது ரோமிங்கில் சேர்ந்தது.

பொறுமைக்கும் ஓர் எல்லை உண்டு. ஒப்பிடுவதற்கு எல்லை இல்லை. ஸ்ரீரங்கன் படியேறி இரண்டாம் மாடியில் சமைக்கும் மேகலாவைப் பார்த்தார். மூன்றாம் மாடியில் சமைக்கும் கங்கம்மாவைப் பார்த்தார். காவேரியின் திட்டம் ஒரே வாரத்தில் கட்டடம் முழுக்கப் பரவியிருந்தது. கங்கம்மா: ஆறாயிரத்து நானூற்றுத் தொண்ணூற்றொன்பது. மேகலா: ஆறாயிரத்து நானூற்றுத் தொண்ணூற்றெட்டு! ஸ்ரீரங்கன் வாய்விட்டு "ஆஹா!" என்றார். அந்த நிமிஷமே மேகலாவுக்கு மாறுவதாக அறிவித்தார்.

"போர்ட்டு ஆவறதுக்கு நாலு நாள் ஆவும் சார்," என்றாள் மேகலா. "அதுவரிக்கும் பழைய கனெக்சன்லயே இரு."

ஐந்தாம் நாள் காலை அழைப்பு மணி அடித்தது. புதிய யுகத்தை வரவேற்க, பட்டுக்கரை வேஷ்டியில், ஸ்ரீரங்கன் கதவைத் திறந்தார். காவேரி நின்றிருந்தாள்.

"நீ ஏம்மா வந்தே? நான்தான் மேகலாவுக்கு மாறியாச்சே!"

"மாறிட்டே சார். ஆனா மேகலாவுக்கு மொத மாடில டவர் கெடையாது. என் டவரைத்தான் வாடகைக்கு எடுத்துகினு கீறா." சொல்லிக்கொண்டே உள்ளே போய்த் துடைப்பத்தை எடுத்தாள்.

அந்த வாரமே மூன்று பேரும் அடுத்தடுத்து ஐந்நூறு ஐந்நூறு ஏற்றினார்கள். ஸ்ரீரங்கன் அடுப்படிக்கே போய்க் காவேரியை மடக்கினார்.

"மூணு பேரும் பேசி வெச்சுண்டேளா?"

"ஐயே, பேச்சா? ஆரோக்கியமான போட்டி சார்."

அன்று மாலை அவர் பேனாவை எடுத்தார். வாழ்நாளில் முதல் தடவையாகப் பெரிய எழுத்தில் எழுதினார். மூன்று நாள் எழுதி, ஞாயிற்றுக்கிழமை காலை மொட்டை மாடியில் சங்கத்தின் 'அவசரப் பொதுக்குழு'வைக் கூட்டச் செய்தார். அவரையும் சேர்த்துப் பதின்மூன்று பேர் கூடினார்கள். மாமிக்கு வகுப்பு. காவேரி மோர் கொண்டுவந்து எல்லோருக்கும் கொடுத்துவிட்டு, தண்ணீர்த் தொட்டி நிழலில் நின்றாள்.

குற்றவாளிகளின் பெயரைக் கடைசியில் சொன்னால்தான் எடுபடும் என்று ஸ்ரீரங்கனுக்குத் தோன்றியது. பெயர் சொல்லாமலே வாசித்தார்.

"மாதத்துக்கு இருபத்தெட்டே நாள் என்பது பகல் கொள்ளை. வருஷத்துக்குப் பதிமூன்று மாதம் வசூலிக்க உங்களுக்கு யார் அதிகாரம் கொடுத்தது?"

"அப்படிக் கேளுங்கோ!" என்று ஒரு குரல். மோர் டம்ளரால் யாரோ தரையைத் தட்டினார்கள்.

"அளவில்லாமல் தருவதாக விளம்பரம் செய்துவிட்டு, இரண்டுக்கு மேல் வேகத்தைக் குறைப்பது மோசடி அன்றி வேறென்ன? ஒருவரை விட்டு ஒருவரிடம் மாறினாலும் வந்து சேர்வது பழைய ஆளே! மூன்று பேரும் கூடிப் பேசி ஒரே வாரத்தில் விலை ஏற்றுவதற்குப் பெயர் போட்டியா? கூட்டுச் சதி! நாங்கள் என்ன கிள்ளுக்கீரையா?"

மாடியே எழுந்து நின்றது. மூன்றாம் மாடி ஜவஹர் ராணுவத்தில் இருந்தவர்; அவர் சல்யூட் அடித்தார். "இத்தனை வருஷமா ஒருத்தனுக்கும் தைரியம் வரலையே மாமா!" என்று கிச்சா அழுதேவிட்டான். பதின்மூன்று பேரும் முண்டியடித்துக் கையெழுத்துப் போட்டார்கள். "எனக்குக் கொஞ்சம் எடம் வுடு சார்," என்று காவேரியும் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்து போட்டாள்.

ஸ்ரீரங்கன் திகைத்தார். ஆனால் கைதட்டலின் நடுவே திகைப்பதற்கு நேரமில்லை.

"மாமா, விலாசம் போடலையே?" என்றான் கிச்சா. "மூணு கம்பெனிக்கும் தனித்தனியா அனுப்பணுமா?"

"கம்பெனியா?" ஸ்ரீரங்கனுக்கு நிஜமாகவே புரியவில்லை. "எந்தக் கம்பெனி? இது காவேரி, மேகலா, கங்கம்மா மூணு பேருக்கும் எழுதினது!"

எழுந்து நின்றவர்கள் ஒவ்வொருவராக உட்கார்ந்தார்கள்.

"நான் செல்லு கம்பெனிக்கின்னு நெனச்சு கையெழுத்து போட்டேன் சார்," என்றாள் காவேரி.

"கம்பெனிக்கு அப்படியெல்லாம் எழுத முடியுமா? அவா கட் பண்ணிடுவாளே! ஓடிபி வராது. பாங்க்ல நுழைய முடியாது. மாமியோட க்ளாஸ் நின்னுடும்!"

காவேரி காலி டம்ளர்களை ஒவ்வொன்றாகத் தட்டில் அடுக்கினாள்.

"அவன் கட் பண்ணிடுவான்னு பயந்துகினு அவனுக்குப் பதிமூணு மாசம் குடுக்கறே. நான் கட் பண்ண மாட்டேன்னு தைரியத்துல எனக்குப் பன்னண்டுதான்னு எழுதிகினு வந்து கீறே. நல்லா கீது சார் உன் ஒப்பீடு."

மணி பன்னிரண்டை நெருங்கிக்கொண்டிருந்தது. அடுக்ககத்தின் எட்டு வீட்டிலும் இன்னும் உலை வைக்கவில்லை என்பதை ஒவ்வொருவராக உணர்ந்தார்கள். சமையலுக்குப் பதிமூன்று மாதச் சம்பளம் என்பது விவாதமின்றி ஏற்கப்பட்டது.

"அப்பறம் லெட்டரு?" என்றாள் காவேரி. "ஒரு எழுத்து மாத்த வேணாம் சார், சோக்கா கீது. விலாசத்தை மட்டும் கம்பெனிக்குப் போட்டுடு. அல்லாரும் கையெழுத்து போட்டாச்சே."

கிச்சா ஆர்வத்தோடு பேனா மூடியைத் திறந்தான். மூன்று விலாசங்களையும் எழுதினான். எழுதி முடித்ததும், ஸ்ரீரங்கன் மெதுவாக அந்தப் பேனாவை வாங்கி, தன் கையெழுத்தை அழகாக, ஒரே கோட்டில் அடித்தார்.

"தப்பா நெனைச்சுக்காதீங்கோ. என் பிளான் புதன்கிழமை முடியறது. ரீசார்ஜ் பண்ணிண்டு வந்து போடறேன்."

ஜவஹர் தொண்டையைக் கனைத்தார். மொட்டை மாடியில் டவர் வைப்பதற்கு வான்குரலோடு வாடகை பேசிக்கொண்டிருப்பது அவருக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அடித்தார். கிச்சாவின் பையன் அஸ்வத் பேரலையில் இன்டர்வியூவுக்குப் போய்வந்திருந்தான். கிச்சா அடித்தான். மற்றவர்கள் காரணம் சொல்லவில்லை. வரிசையில் நின்று அடித்தார்கள்.

பேனா கடைசியில் காவேரியிடம் வந்தது.

"நான் இன்னாத்துக்கு அடிக்கணும்?" என்றாள் அவள். "என்னுது நேத்தே கட் ஆயிடுச்சு."

தட்டை எடுத்துக்கொண்டு கீழே இறங்கிப் போனாள். கடிதம் பதிவுத் தபாலில் அனுப்பப்பட்டது. கிச்சா சங்கத்தின் மினிட்ஸ் நோட்டில் முறைப்படி இவ்வாறு பதிவு செய்தான்: 'தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.'

அவன் எழுதியதில் தப்பே இல்லை. பதினாலு பேரில் அன்று மனது என்று ஏகமாக ஒன்றுதான் இருந்தது. அது காவேரியுடையது.