நிரோஜினி மீன் சாப்பிடுவதில்லை

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சோற்றுக்கோப்பையைப் பார்த்ததும் நிரோஜினிக்குப் பகீரென்றது. பருப்பு, கத்தரிக்காய்ப் பால்கறி, வல்லாரைச் சம்பல். குருநகரில், கடலுக்குப் போகிற தகப்பன் கிறகோரியின் வீட்டில், பூசை முடிந்து வந்த ஞாயிற்றுக்கிழமையில், கோப்பையில் ஒரு மீன்முள்கூட இல்லை.

"என்னம்மா இது? கணவாய் எங்கை?"

"நீதானே மோள் பேப்பரிலை சொன்னனீ, மீன் சாப்பிடுறேல்லை எண்டு," என்றாள் தாய் றீற்றம்மா.

"நேற்றும் உங்கடை கையாலை வாங்கிச் சாப்பிட்டனான்தானே?"

"அது நேற்று. பேப்பர் இண்டைக்குத்தானே வந்தது."

அந்தப் பேட்டி வந்த பக்கம் கூடத்துச் சுவரில், மாதா படத்துக்குக் கீழே ஏற்கெனவே ஒட்டப்பட்டிருந்தது.

நிரோஜினி எழுதிய 'ஏழாம் ஆழத்து இளவரசி' என்ற மாயக்கதை நாவல் குடாநாட்டுப் பள்ளிக்கூடங்களில் பிய்த்துக்கொண்டு போனது. கடலடியில் ஓர் அரசு, அதற்குப் பதினைந்து வயதில் ஓர் இளவரசி, அவளுக்கு மதி சொல்லும் மந்திரியாக ஒரு கிழட்டுக் கணவாய். கடைசிப் பக்கத்தில் அந்த மந்திரி, கணவாய் பிடிக்க மனிதர்கள் வைத்த கூட்டுக்குள் அகப்பட்டுக்கொள்வார். 'தொடரும்' என்று போட்டு முடித்திருந்தாள். இரண்டாம் பாகம் எப்போது என்று கேட்டு அவளுடைய போனுக்கு வந்த செய்திகளுக்குக் கணக்கில்லை.

பேட்டி எடுத்த பெண் தொலைபேசியில் கேட்டாள்: "நீங்கள் எப்ப எழுதுவீங்கள்? என்ன சாப்பிடப் பிடிக்கும்?"

உண்மையைச் சொல்வதானால், நிரோஜினி காலை பத்து மணிக்குமேல் கரையோரத்து வலைக்கொட்டிலில் எழுதுவாள். வள்ளங்களின் இஞ்சின் சத்தம் இல்லாவிட்டால் கற்பனை ஓடாது. பக்கத்தில் ஒரு தட்டு கணவாய்ப் பொரியல் இருக்கவேண்டும். எண்ணெய் விரலால் தட்டித் தட்டி அவளுடைய கணினியில் 'ழ' எழுத்து ஒட்டிக்கொண்டு நின்றது.

இதையெல்லாம் ஓர் எழுத்தாளர் எப்படிச் சொல்வது? "விடியப்புறத்தில், மௌனத்தில், ஒரு தம்ளர் வெந்நீரோடு எழுதுவேன். மீன் சாப்பிடுவதில்லை. கடலின் உயிர்கள் என் பாத்திரங்கள். அவர்களை எப்படிச் சாப்பிடுவேன்?" என்று சொல்லிவிட்டாள். சொன்ன அழகில் அவளுக்கே கண் கலங்கியது.

"அது சும்மா ஒரு எடுப்புக்குச் சொன்னதம்மா," என்றாள் இப்போது.

"ஐயோ, சத்தம் போடாதை! சுவாமியார் பிரசங்கத்திலை உன்ரை பேரைச் சொன்னவர். ஊர் முழுக்க எவ்வளவு பெருமையாக் கதைக்குது." றீற்றம்மா யோசித்தாள். "சரி, யன்னலைச் சாத்திப்போட்டுக் காய்ச்சித் தாறன். கொப்பர் நாளைக்குக் கொண்டு வரட்டும்."

அடுத்த நாள் கிறகோரி கொண்டு வந்த மீன்பறியில் நண்டும் திரளி மீனும் இருந்தன.

"கணவாய் படேல்லையோப்பா?"

"படேல்லை," என்று சொல்லிவிட்டு அவர் கிணற்றடிக்குப் போனார்.

கிறகோரி எப்போதும் இப்படித்தான். புத்தகம் வந்த அன்று கையில் வாங்கி நிறை பார்ப்பதுபோல ஆட்டிப்பார்த்து, "நல்ல பாரமாக் கிடக்கு," என்றார். வேறொரு சொல் இல்லை. ஊரெல்லாம் அவளைக் கொண்டாடியபோது, பெற்ற தகப்பன் அதில் ஒரு பக்கம் புரட்டியதை அவள் கண்டதில்லை. அது அவளுக்கு உள்ளுக்குள் குத்திக்கொண்டே இருந்தது.

செவ்வாயும் படவில்லை. புதனும் படவில்லை. கணவாய் இல்லாமல் நிரோஜினிக்கு எழுத்தும் ஓடவில்லை. இளவரசி ஒரே பாறையில் மூன்று நாளாக உட்கார்ந்திருந்தாள்.

பொறுக்க முடியாமல் றீற்றம்மா சந்தைக்குப் போனாள். மீன் விற்கிற செபஸ்தியம்மா கணவாயை நிறுத்துக்கொண்டே, பத்துப் பேருக்குக் கேட்கிற குரலில் கேட்டாள்: "ஆருக்கு றீற்றா? உன்ரை மோள் உதுகளைத் தொடாதெல்லே!"

"பூனைக்கு," என்றாள் றீற்றம்மா.

"உங்கடை வீட்டிலை ஏது பூனை?"

"வாங்கப்போறம்."

அன்று பின்னேரமே பண்டத்தரிப்பிலிருந்து வாசகி ஒருத்தி, தர்சிகா என்று பெயர், பெட்டியொன்றில் பூனைக்குட்டியோடு வந்து நின்றாள். "அக்கா, நீங்கள் பூனை தேடுறீங்களாம். எங்கடை வீட்டிலை குட்டி போட்டது." நிரோஜினியின் எழுத்து மேசையைப் பார்த்தாள், பேட்டிக்குப் பிறகு காட்சிக்கு வைத்திருந்த வெந்நீர்த் தம்ளரைப் பார்த்தாள். "அக்கா, அதுக்கு இப்ப சாப்பாடு குடுத்துப் பாப்பமா?"

சட்டியில் கமகமவென்று கிடந்த பொரியல் முழுவதையும் பூனை சாப்பிட்டது. நிரோஜினி பக்கத்தில் இருந்து அதன் தலையைத் தடவினாள். தர்சிகா அதைப் படம் எடுத்து, 'தான் உண்ணாததை உயிர்களுக்கு ஊட்டும் எழுத்தாளர்' என்று எழுதி முகநூலில் போட்டாள்.

அதற்குப் பிறகு, வீட்டுக்கு வரும் கணவாயெல்லாம் பூனைக்குத்தான் போகிறதா என்று ஊரே பார்த்துக்கொண்டிருந்ததால், சந்தையில் வாங்கியும் பயனில்லை. சனிக்கிழமை நிரோஜினி கறுப்புக் கண்ணாடியும் தொப்பியும் போட்டு, ஸ்கூட்டியை எடுத்து யாழ்ப்பாணப் பட்டணத்துக்குப் போனாள். ஒரு சாப்பாட்டுக்கடையின் ஆகக் கடைசி மேசையில், சுவரைப் பார்த்து உட்கார்ந்து, காரமாகப் பிரட்டிய கணவாய் டெவலுக்குச் சொன்னாள். முதல் துண்டை வாயில் வைத்தபோது உயிர் திரும்பி வந்தது.

"ஐயோ, நிரோஜினி அக்கா!"

ரியூசன் முடிந்து வந்த பெட்டைகள் ஒரு கூட்டம். கையில் அவளுடைய புத்தகம்.

"என்னக்கா சாப்பிடுறீங்கள்?"

"காளான்," என்றாள் நிரோஜினி, மென்றபடி.

"எங்களுக்கும் காளான் விருப்பம்!" ஆளுக்கொரு கரண்டியோடு அவர்கள் நெருங்கியபோது, பரிமாறுகிறவர் அடுத்த தட்டோடு வந்து உரத்துச் சொன்னார்:

"தங்கச்சி, நீங்கள் கேட்ட ரெண்டாவது கணவாய்!"

பெட்டைகள் தட்டைப் பார்த்தார்கள். பிறகு அவளைப் பார்த்தார்கள். ஒருத்தியின் கண் நிறைந்துவிட்டது. "மந்திரியையோ அக்கா?"

அந்த ஒரு கேள்வி நிரோஜினியை வீடு வரைக்கும் துரத்தியது. வந்ததும் ஒரு முடிவுக்கு வந்தாள். மறுநாள் பங்கு மண்டபத்தில் அவளுக்குப் பாராட்டு விழா இருந்தது. மாலை விழுந்தது, சுவாமியார் பேசினார், செபஸ்தியம்மா முன்வரிசையில் புதுச்சேலையோடு இருந்தாள். கிறகோரி பின்சுவரில் சாய்ந்து நின்றார்.

நிரோஜினி ஒலிவாங்கியைப் பிடித்தாள்.

"நான் பேப்பரிலை சொன்னது பொய். நான் மீன் சாப்பிடுறனான். கணவாய்ப் பொரியல் இல்லாமல் எனக்கு ஒரு வரி ஓடாது. நான் எழுதுறது வலைக்கொட்டிலிலை, இஞ்சின் சத்தத்துக்கை. எங்கடை அப்பா பிடிச்சுக்கொண்டு வந்ததைத் திண்டுதான் இந்தப் புத்தகம் எழுதினது. அதைச் சொல்ல வெக்கப்பட்டது என்ரை பிழை. எழுத்தாளர் எண்டால் வேறை மாதிரி இருக்கவேணும் எண்டு நினைச்சிட்டன்."

மண்டபத்தில் ஆளையாள் பார்த்துக்கொண்டார்கள். பிறகு செபஸ்தியம்மா எழுந்தாள்.

"அப்பிடிச் சொல்லு பிள்ளை! எங்கடை குருநகர்க் கணவாய்தான் புத்தகம் எழுதியிருக்குது!"

கைதட்டல் கூரையைத் தூக்கியது. சாப்பாட்டுக்கடையில் கண் கலங்கியவள்கூட ஓடிவந்து, "மந்திரியை மட்டும் சாகடிக்காதீங்கோ அக்கா, மற்றதுகளைச் சாப்பிடுங்கோ," என்று கையைப் பிடித்துக்கொண்டாள். நிரோஜினி தலை நிமிர்ந்து மேடையை விட்டு இறங்கினாள். கூட்டத்தில் தகப்பனைத் தேடினாள். அவர் போய்விட்டிருந்தார்.

திங்கட்கிழமை காலை றீற்றம்மா யன்னல்களையெல்லாம் திறந்து, சட்டியை அடுப்பில் வைத்துக் காத்திருந்தாள். கிறகோரி பறியைக் கொண்டுவந்து வைத்தார். நண்டு. திரளி.

"இண்டைக்கும் படேல்லையோ?"

"படேல்லை," என்றார் கிறகோரி, மகளின் முகத்தைப் பாராமல்.

நிரோஜினிக்குப் பொறுமை போய்விட்டது. நேரே இறங்குதுறைக்கு நடந்தாள். தகப்பனோடு ஒரே வள்ளத்தில் தொழிலுக்குப் போகிற அடைக்கலநாதன் வெறுங்கூடுகளைக் கழுவி அடுக்கிக்கொண்டிருந்தார்.

"அடைக்கலம் மாமா, கடலிலை கணவாய் அழிஞ்சுபோச்சோ?"

அவர் கூட்டைக் கீழே போட்டுவிட்டுத் தலையில் கைவைத்தார்.

"படாமல் என்ன பிள்ளை, கூடு கூடாப் படுது! உன்ரை புத்தகத்தை வாசிச்சு முடிச்ச நாள் தொட்டுக் கொப்பன் கணவாயெல்லாத்தையும் திரும்பக் கடலிலையெல்லே விடுறான். விடேக்கை ஒவ்வொண்டிட்டையும் ரெண்டாம் பாகத்திலை என்ன நடக்குதெண்டு வேறை கேக்கிறான், உன்னட்டைக் கேக்க வெக்கமாம்!"